தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது? மாடல் போர்க்கப்பல் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால், என் வீட்டுக் கார் ஷெட்டில் ரிமோட்டில் ஓடும் மாடல் கப்பல் ஏதாவது ஒன்று தலைகீழாகக் கிடக்கும். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்துப் பிள்ளைகள் லுமுட் கடற்படைத் தளத்தின் கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்து கே.டி. ஜெபாட் கட்டுகிறேன், கே.டி. லெக்கியூ கட்டுகிறேன் என்று ஆரம்பிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "மாமா, தண்ணி ஏறுது. எங்கேருந்துன்னே தெரியல லா."

நான் கட்டியது எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாடல். 1941 டிசம்பர் 10-ஆம் தேதி குவந்தானுக்குக் கிழக்கே, எச்.எம்.எஸ். ரிபல்ஸோடு சேர்ந்து ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல். இரண்டிலும் சேர்த்து 840 பேர் போனார்கள். சப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பாட்டி சொல்லும் கதைகள் எல்லாம் அந்த டிசம்பரில்தான் தொடங்கும். அதனால்தான் இந்தக் கப்பலை எடுத்தேன். அளவு 1:144. நீளம் 1.58 மீட்டர், அகலம் 22 செண்டிமீட்டர், தண்ணீரில் சரியான கோடு வரை உட்கார வேண்டுமென்றால் மொத்த எடை 15 கிலோ. கீழே சொல்லும் கணக்குகள் எல்லாம் இந்த அளவுக்கு. உங்கள் கப்பல் பெரிதென்றால் எடை வேகமாகக் கூடும்: இதே கப்பலை 1:96-இல் கட்டினால் 50 கிலோ.

எந்தக் கோளாறானாலும் முதலில் ஒரு தொட்டி வேண்டும். குளத்தங்கரையில் நின்று கோளாறு தேட முடியாது. செங்கல்லை நான்கு வரிசை அடுக்கி, இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு செவ்வகம் கட்டுங்கள். மேலே கித்தான் விரித்து 20 செண்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் விடுங்கள். கப்பல் மூழ்கியிருக்கும் ஆழம் 7 செண்டிமீட்டர்தான், அது போதும்.

## அறிகுறி 1: ஓடி வந்தபின் பின்பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது

வருகிற கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் வியாதி. இதில்தான் ஆட்கள் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். தண்ணீர் நிற்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. பின்பக்கம் நிற்கிறது என்றால் பின்பக்கம் பள்ளம் என்று மட்டும்தான் அர்த்தம்.

என் கப்பலில் இரண்டு வருடம் ஷாஃப்ட் குழாயைத்தான், அதாவது புரோப்பல்லரைச் சுழற்றும் தண்டு போகும் குழாயைத்தான், சந்தேகப்பட்டேன். மூன்று தடவை எபோக்ஸியைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசினேன். நான்காவது தடவை சுரண்டும்போது குழாயே ஆட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பின்தொடர ஆரம்பித்தேன்.

முதல் சோதனை: மார்க்கர் கோடு

பேட்டரி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, கப்பலின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். டிஷ்யூ தாளைப் பட்டையாக வெட்டி நான்கு இடத்தில் குறுக்காகப் போடுங்கள்: முன்முனை, முன் பீரங்கிக்குக் கீழே, நடு, பின்பக்கம். ஒவ்வொரு தாளிலும் தண்ணீரில் கரையும் மார்க்கரால், பிள்ளைகளின் கலர்ப் பேனாவே போதும், ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எடை குறைந்திருக்குமே, அதற்குப் பதிலாக உப்புப் பொட்டலமோ மணல் பையோ கட்டி வைத்து, கப்பல் தன் கோடு வரை உட்காரும்படி செய்யுங்கள்.

இனி அரை மணி நேரம் அசையாமல் மிதக்கவிடுங்கள்.

எந்தத் தாளில் கோடு முதலில் கலங்குகிறதோ, அங்கிருந்து தேடுங்கள். கோட்டின் மை எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வந்த பக்கத்தில் கோடு கூர்மையாக இருக்கும், போன பக்கத்தில் மீசை மாதிரி நீண்டிருக்கும்.

கிளை அ: நின்றபடியே நனைகிறது

கப்பலின் கூட்டிலோ (வெளி உடம்பிலோ) அதைத் துளைத்துப் போகும் ஏதோ ஒன்றிலோ ஓட்டை இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

*சுக்கான் தண்டு.* எல்லாரும் மறந்துவிடும் இடம் இது. சுக்கானின் தண்டு நுழையும் குழாய், உள்ளே நீர்க்கோட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீழேயே நின்றுவிட்டால் கிரீஸ் இருக்கும்வரை தண்ணீர் வராது, கிரீஸ் போனதும் ஒழுகும். உள்பக்கம் பித்தளைக் குழாய் ஒன்றை மேலே ஒட்டி உயர்த்திவிட்டால் தீர்ந்தது.

*ஷாஃப்ட் குழாயின் வெளிப்பக்க ஒட்டு.* குழாய் கூட்டை விட்டு வெளியே வரும் இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பித்தளைக் குழாயை உப்புத்தாளால் தேய்க்காமல் அப்படியே எபோக்ஸி வைத்தவர்களுக்குக் கட்டாயம் வரும். பளபளப்பான பித்தளையில் எபோக்ஸி பிடிப்பதே இல்லை. சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஐந்து நிமிட எபோக்ஸி வேண்டாம், தண்ணீரில் நாள்பட்டால் அது மென்மையாகிவிடுகிறது. 24 மணி நேரம் எடுக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

*கூட்டில் வெடிப்பு.* இதைக் கண்டுபிடிக்கக் கோலப்பொடி வேண்டும். கப்பலைத் தாங்கியில் வைத்து, கூட்டின் வெளிப்புறம் முழுக்க உலர்ந்த கோலப்பொடியைத் துணியால் மெல்லிசாகப் பூசுங்கள். பிறகு உள்ளே இரண்டு செண்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் கூடு பாரம் தாங்காமல் விரியும். பத்து நிமிடத்தில், வெடிப்பு இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி கருத்துப் புள்ளியாகத் தெரியும். என் மனைவி வாசலில் மழைத்துளி பட்ட கோலத்தைக் காட்டித்தான் இந்த யோசனையைக் கொடுத்தாள்.

புள்ளி ஒன்று இரண்டு என்றால் உள்பக்கம் எபோக்ஸியும் ஒரு துண்டு ஃபைபர் துணியும் வைத்து அடைக்கலாம். ஆனால் அடிப்பலகை நெடுக ஒரே கோடாகக் கருத்தால், உள்ளேயிருந்து ஒட்டுவது வீண்.

கிளை ஆ: நிற்கும்போது காய்ந்திருக்கிறது, ஓடும்போது நனைகிறது

கப்பலைத் தொட்டியில் கயிற்றால் கட்டி வைத்து மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்போதும் நான்கு தாளும் காய்ந்தே இருந்தால், ஓட்டை மேல்தளத்தில் இருக்கிறது. பின்பக்கத் தாள் மட்டும் நனைந்தால் ஷாஃப்ட்.

*மேல்தளம்.* என் கப்பலின் வியாதி கடைசியில் இதுதான். முன் பீரங்கிக் கூண்டைச் சர்வோ என்ற சின்ன மோட்டார் வைத்துத் திருப்புவதற்காக மேல்தளத்தில் மூன்று செண்டிமீட்டர் வட்டத் துளை போட்டிருந்தேன். அதைச் சுற்றிக் கரை எதுவும் கட்டவில்லை. குளத்தில் கொஞ்சம் காற்றடித்தால் முன்முனையில் ஏறும் தண்ணீர் நேராக அந்தத் துளையில் இறங்கி, அடிக்கட்டை ஓரமாக ஓடி, பின்னால் போய் ஷாஃப்ட் குழாய்க்குப் பக்கத்தில் நின்றது. பார்ப்பவனுக்கு ஷாஃப்ட் ஒழுகுவது போலவே இருக்கும்.

இதில் நிஜக் கப்பலின் குணமும் இருக்கிறது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் சேர்ந்த கிங் ஜார்ஜ் ஐந்தாம் வகைக் கப்பல்களில் முதல் பீரங்கிக் கூண்டு நேர் முன்னால் தாழ்வாகச் சுட வேண்டும் என்பதற்காக முன்முனையை உயர்த்தாமல் விட்டார்கள். அதனால் அலை உள்ள கடலில் நிஜக் கப்பலே முன்பக்கம் நனைந்துகொண்டுதான் போகும். வரைபடத்தை ஒழுங்காகப் பின்பற்றியவர்களுக்கு இந்தக் கோளாறு வந்தே தீரும், அதற்காக முன்முனையை உயர்த்திக் கட்டிவிடாதீர்கள். துளையைச் சுற்றி ஒரு செண்டிமீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் வளையம் ஒட்டி, கூண்டு அதன்மேல் தொப்பி போல் கவிழ்ந்து உட்காரும்படி செய்யுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

கழற்றும் மேல்கட்டுமானத்தின் மூடிக்கும் இதே மருந்து. மூடியின் விளிம்பை டேப்பால் சுற்றி ஒட்டிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். காய்ந்து வந்தால் குற்றவாளி மூடிதான், கரை கட்டுங்கள். ரப்பர் பட்டையை நம்பாதீர்கள், ஒரு வருடத்தில் இந்த வெயிலுக்கு இறுகிப்போகும்.

*ஷாஃப்ட் கிரீஸ்.* பின்பக்கத் தாள் நனைந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டை வெளியே இழுங்கள். கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். துடைத்து, குழாயை மண்ணெண்ணெயால் கழுவி, படகுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிரீஸை ஊசியில்லாத சிரிஞ்சால் ஏற்றுங்கள். மூன்று நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். குழாயின் நடுவில் சின்னக் கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்து மேலே கொண்டுவந்து வைத்தால் ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஏற்றலாம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு நான்கு ஷாஃப்ட், நான்கையும் ஒவ்வொரு முறையும் கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

*புஷ் தேய்வு.* குழாயின் முனையில் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்தான் புஷ். புது கிரீஸ் போட்டும் அடுத்த ஓட்டத்திலேயே ஒழுகினால் இது. புரோப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 4 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் கைக்குத் தெரிகிற ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. "டிக்" என்று சின்னதாகத் தட்டினாலே புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது.

*வளைந்த ஷாஃப்ட்.* புஷ் ஏன் தேய்ந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை இதுதான். ஷாஃப்ட்டைக் கழற்றி, கண்ணாடிப் பலகைமேல் உருட்டுங்கள். பின்னால் டார்ச் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைந்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் கட்டையில் இடித்து, பின்னாலிருந்து தட்டும் சத்தமோ நடுக்கமோ வந்தால், உடனே அந்தப் பக்க மோட்டாரை நிறுத்திவிடுங்கள். "கரைக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாதீர்கள். அந்த டிசம்பர் 10-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு விழுந்த முதல் டார்பிடோ, இடப்புற வெளி ஷாஃப்ட் கூட்டை விட்டு வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. ஷாஃப்ட் வளைந்து, சுழலச் சுழல தான் போகும் வழியில் இருந்த அடைப்புகளையெல்லாம் கிழித்தது. நிறுத்தினார்கள். மறுபடி சுழற்றிப் பார்த்தபோது ஷாஃப்ட் போகும் சுரங்கப்பாதை வழியாகத் தண்ணீர் எஞ்சின் அறைக்குள் பாய்ந்தது, ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. கப்பல் 11 டிகிரிக்கு மேல் இடப்புறம் சாய்ந்து பின்பக்கம் தாழ்ந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவற்றுக்கு மின்சாரமும் போயிற்று. 35,000 டன் வகைக் கப்பலைக் கெடுத்த அதே காரியம் பதினைந்து கிலோவில் சின்னதாக நடக்கும்: வளைந்த ஷாஃப்ட் ஐந்து நிமிடத்தில் புஷ்ஷைத் தின்றுவிடும், பத்து நிமிடத்தில் குழாயின் ஒட்டை உலுக்கிவிடும். நிறுத்தினால் ஒரு ஷாஃப்ட் செலவு, ஓட்டினால் பின்பக்கம் முழுவதையும் திறக்க வேண்டும்.

எப்போது பட்டறைக்குக் கொண்டுபோவது

புஷ் மாற்றுவதும் ஷாஃப்ட் நிமிர்த்துவதும் லேத் பட்டறை வேலை. சுத்தியால் தட்டி நிமிர்த்த வேண்டாம், ஒரு வளைவு போய் இரண்டு வரும். பழைய ஷாஃப்ட்டோடு குழாயையும் சேர்த்துக் கொண்டுபோய், "பித்தளையில் புஷ் கடைந்து, துருப்பிடிக்காத இரும்பில் ஷாஃப்ட்" என்று சொல்லுங்கள். பழையதை அளந்து அதே மாதிரி செய்யச் சொன்னால் தேய்ந்த அளவையே கடைந்து கொடுப்பார்கள், அதனால் அளவை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடிப்பலகை நெடுக வெடித்த கப்பலுக்கு ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் தேவை. பந்தாய் ரெமிஸ் பக்கம் மீன்பிடிப் படகு வேலை செய்பவர்களுக்கு வெளித்தோல் ஒன்று போடுவது ஒரு நாள் வேலை. ஆனால் கூட்டுக்குள் நுரைக் கட்டி வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அவர்கள் போடும் பாலியெஸ்டர் ரெசின் வெள்ளைத் தெர்மோகோலைக் கரைத்துவிடும். அதை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எபோக்ஸிதான் போட வேண்டும்.

## அறிகுறி 2: ஒரு பக்கம் சாய்கிறது

நின்றபடியே எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் எடை சரியாகப் பங்கிடப்படவில்லை. முதலில் பேட்டரி நகர்ந்திருக்கிறதா பாருங்கள், பாதிக் கப்பல்களுக்கு அதுதான். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், அது ஒரு செண்டிமீட்டர் நகர்ந்தாலே 22 செண்டிமீட்டர் அகலக் கப்பல் சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். பேட்டரிக்குத் தொட்டில் கட்டி வாரால் இறுக்குங்கள். மிச்சத்தை ஈயக் குண்டால் சரிசெய்யலாம், தூண்டில் குண்டே போதும். தொட்டியில் மிதக்கும்போதே தளர்வாக வைத்துப் பார்த்து, கோடு சரியானதும் எபோக்ஸியில் உட்காரவைக்க வேண்டும். முதலிலேயே ஒட்டிவிடாதீர்கள்.

ஒரு தடவை இடப்புறம், மறு தடவை வலப்புறம் சாய்ந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. தட்டையான அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தாலே, கப்பல் சாயும் பக்கம் ஓடி அதை இன்னும் சாய்க்கும். அறிகுறி 1-க்குப் போங்கள்.

திரும்பும்போது சாய்ந்து, நிமிர நேரம் எடுத்தால் மேலே கனம். விரலால் மேல்தளத்தின் ஓரத்தை அழுத்தி விட்டுவிடுங்கள். நல்ல கப்பல் சட்டென்று நிமிரும். மேலே கனமான கப்பல் மெதுவாக வந்து, நடுவில் நின்று யோசித்துவிட்டு, மறுபக்கம் போகும். அந்த யோசனையைப் பார்த்தால் குளத்துக்குப் போகாதீர்கள்.

இந்தக் கப்பலில் கனம் முன்னாலும் மேலேயும் சேரும். பதினான்கு அங்குலப் பீரங்கிகள் மொத்தம் பத்து, அதில் ஆறு முன்பக்கம்: நான்கு குழல் கூண்டு ஒன்று, அதற்குப் பின்னால் உயரத்தில் இரண்டு குழல் கூண்டு. மிச்சம் நான்கு பின்னால். குழல்களைப் பித்தளையில் கடைந்து, கூண்டுகளை ரெசினில் வார்த்தவர்களுக்கு அழகு வரும், கப்பல் சாயும். கூண்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ரெசினைக் குடைந்து எடுங்கள். கொடிமரத்தைப் பித்தளைக்குப் பதில் கார்பன் கம்பியில் செய்யுங்கள். கீழே ஈயம் சேர்ப்பது கடைசி வழி, ஏனென்றால் 15 கிலோவைத் தாண்டினால் கோடு மூழ்கும்.

இதற்குப் பட்டறை எதுவும் இல்லை. மேலேயிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

## அறிகுறி 3: நடுக்கம், இரைச்சல், மோட்டார் சூடு

புரோப்பல்லரில் தூண்டில் நரம்பும் பாசியும் சுற்றியிருக்கிறதா பாருங்கள். ஈயக்குளங்களில், அதாவது பழைய ஈயச் சுரங்கப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிய குளங்களில், மீன்பிடிப்பவர்கள் விட்டுப்போகும் நரம்பு புஷ்ஷுக்குள்ளேயே போய்ச் சுற்றிக்கொள்ளும், வெளியே தெரியாது. அதனால் புரோப்பல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து மோட்டாருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு. இரண்டும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். வளையும் இணைப்பு போட்டிருக்கிறோமே, கொஞ்சம் கோணல் இருந்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வளையும் இணைப்பைக் கழற்றிவிட்டு, நேரான பித்தளைக் குழாய்த் துண்டால் மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் தற்காலிகமாக இணையுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். தடை இல்லாமல் சுற்றும்வரை மோட்டார் தாங்கிக்கு அடியில் தகடு வைத்து உயர்த்தி, அந்த நிலையிலேயே இறுக்கிவிட்டு, பழைய இணைப்பை மாட்டுங்கள். ஆலையில் பம்புக்கும் மோட்டாருக்கும் நாங்கள் செய்ததும் இதேதான்.

இதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால் ஷாஃப்ட் வளைவு, மேலே சொன்னது.

## அறிகுறி 4: சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

திரும்பவே மாட்டேன் என்கிறது. நிஜக் கப்பலுக்கு நான்கு புரோப்பல்லரும் ஒரே சுக்கானும். அதை அப்படியே சுருக்கினால் மாடலுக்குச் சுக்கான் போதாது. தண்ணீருக்கு அடியில் இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. பின்விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டிச் சுக்கானை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்குங்கள். போட்டிக்குப் போகும் கப்பலென்றால் மட்டும், இடப்புற மோட்டார்களையும் வலப்புற மோட்டார்களையும் தனித்தனியாக இயக்கும்படி செய்துகொள்ளலாம்.

நடுவில் விட்டு விட்டு நின்றுவிடுகிறது. பேட்டரி முனைகளைச் சுரண்டிப் பாருங்கள், இந்த ஈரத்துக்குப் பச்சை பூக்கும். பிறகு ஆன்டெனா: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரை ஊடுருவாது, ஆகவே ரிசீவரைக் கப்பலின் அடியில் வைத்தால் தூரத்தில் தொடர்பு அறும். ஆன்டெனாவை மேல்கட்டுமானத்துக்குள் உயரத்தில், பித்தளைத் தகடுகளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலர் இரண்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டுமே ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒன்றின் சிவப்பு ஒயரை மட்டும் பிளக்கிலிருந்து உருவி, நுனியை டேப் சுற்றி மடக்கிவிடுங்கள். வெட்ட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

## அறிகுறி 5: பெயின்ட் உரிகிறது, வெள்ளை பூக்கிறது, கயிறு தொய்கிறது

தகடு தகடாக உரிந்தால் அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் கூட்டில் மெழுகு மிச்சமிருக்கிறது. மேலே தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வாழை இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக நின்றால் மெழுகு, போர்வை மாதிரி படர்ந்தால் சுத்தம். பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு தடவை கழுவி, 400 நம்பர் உப்புத்தாளை ஈரத்தோடு தேய்த்து, மறுநாள் பிரைமர் அடியுங்கள்.

ஸ்பிரே அடித்ததும் பனி படர்ந்த மாதிரி வெளுத்தால் காற்றில் ஈரம். நம் ஊரில் காலை ஏழு மணிக்குப் பால் மரத்தின் (ரப்பர் மரத்தின்) இலையிலிருந்து தண்ணீர் சொட்டும், அந்த நேரத்தில் ஸ்பிரே தொடக்கூடாது. பத்து மணிக்கு மேல், மழை வருவதற்கு முன், அதுவும் முந்தின நாள் இரவு மழை இல்லாமல் இருந்தால் மட்டும். வெளுத்தது லேசாக இருந்தால் உலர்ந்த நாளில் மெல்லிசாக இன்னொரு பூச்சு அடித்தால் போய்விடும்.

கொடிமரக் கயிறுகள் ஒரு நேரம் தொய்ந்து ஒரு நேரம் இறுகினால் பருத்தி நூல் போட்டிருக்கிறீர்கள். ஈரம் அதிகம் குடிக்காத பாலியெஸ்டர் நூலோ, இழுபடும் எலாஸ்டிக் நூலோ போடுங்கள்.

பால்சா மரத்தில் பூச்சி அரித்துப் பொடி கொட்டினால் கப்பலை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் உடனே வெளியே வையுங்கள். ஊசி வைத்துக் குத்துங்கள். ஊசி எதிர்ப்பில்லாமல் உள்ளே போகும் பாகத்தை வெட்டி எறிய வேண்டும். அடிக்கட்டையே அரித்துப் போயிருந்தால் மேல்கட்டுமானத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு புதுக் கூடு கட்டுங்கள், அதில் மருந்தடித்துப் பயனில்லை.

## அறிகுறி 6: மூழ்கிவிட்டது

இதற்கான வேலையைக் கப்பல் மிதக்கும்போதே செய்து வைத்திருக்க வேண்டும். மேல்தளத்தில் தளர்வாக வைத்த ஒரு கட்டை, அதிலிருந்து கூட்டின் அடியில் கட்டிய இருபது மீட்டர் தூண்டில் நரம்பு, சுருளாக. கப்பல் போனாலும் கட்டை மிதக்கும். நரம்பு தாங்கும் எடை கப்பலின் எடையைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும், உள்ளே தண்ணீர் நிறைந்த கூட்டை நீருக்கு மேல் தூக்கும்போது கனம் பல மடங்கு. கரையருகே கொண்டுவந்ததும் தூக்காதீர்கள், சாய்த்து வடியவிடுங்கள். முன்முனையிலும் பின்பக்கத்திலும் காலியிடம் எதுவானாலும் நுரைக் கட்டி அடைத்து வையுங்கள். ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும்.

கட்டையும் நரம்பும் இல்லாமல் மூழ்கிவிட்டால், படகு வைத்திருப்பவர் யாரையாவது கூப்பிட்டுக் கொக்கி போட்டுத் துழாவச் சொல்லுங்கள். நீங்கள் இறங்காதீர்கள், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஈயக்குளத்தின் கரை ஓரடிக்கு அப்பால் சரேலென்று ஆழமாகிவிடும், அடியில் சேறு காலைப் பிடிக்கும். எத்தனை வருட உழைப்பாக இருந்தாலும் சரி. என்னிடம் வரும் ஒவ்வொரு பையனிடமும், கப்பலைத் தாங்கியில் வைப்பதற்கு முன்னாலேயே, அவன் அம்மா பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொல்லிவிடுவேன்.

வெளியே எடுத்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ஈயப் பேட்டரி என்றால் துடைத்து வைக்கலாம். லித்தியம் பேட்டரி தண்ணீரில் கிடந்திருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது, உப்பியிருந்தாலும் சரி, பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. மணல் நிரப்பிய மண்சட்டியில் போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி, கூரையில்லாத இடத்தில் வையுங்கள். காரில் வீட்டுக்குக் கொண்டுவருவதென்றால் அந்தச் சட்டியோடு பின்பெட்டியில். மோட்டார்களை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, புஷ்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிசீவரையும் ஸ்பீட் கன்ட்ரோலரையும் திறந்து மூன்று நாள் காயவைத்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். அன்றைக்கே ஓடுகிறதா என்று பார்த்தவர்கள் கொண்டுவந்த சர்க்யூட் பலகைகள் எல்லாம் கருகித்தான் வந்தன.